வலிக்காத ஊசி

செய்தித்தாளில் தவறாக ஒன்று அச்சாகிவிட்டால் மறுநாள் திருத்தம் போட வேண்டும். மதுரையில் ஒரு நாளிதழில் பதினொரு ஆண்டுகள் உதவி ஆசிரியராக இருந்தேன். அந்தத் திருத்தங்களை எழுதுவது பெரும்பாலும் என் வேலை. எது தவறு, எது சரி, வருந்துகிறோம்: மூன்று வரியில் முடிந்துவிடும். என் விஷயத்தில் மூன்று வரி போதவில்லை. அது மறுநாளும் வரவில்லை. எட்டு மாதம் கழித்து, மருத்துவமனைப் படுக்கையில் உட்கார்ந்துதான் சொன்னேன்.

மொரீஷியஸுக்கு நான் தமிழ் ஆசிரியராக வந்தவன், மணமாகாதவன். போர்ட் லூயிஸில் டிராங்கெபார் பகுதியில் ஒரு வீட்டின் பின்னறையில் ஆறாண்டுகள் குடியிருந்தேன். வீட்டுக்கார அம்மாள் தேவி, ஐம்பதைத் தாண்டிய விதவை. தெருவே அவரை ‘தாந்தின்’ என்று அழைக்கும்; அத்தைக்கும் சித்திக்கும் அங்கே அந்த ஒரு சொல்தான். அவருடைய மகள் வசந்திக்கு இருபத்து நான்கு வயது, ஸ்வெட்டர் ஆலையில் வேலை. இருவருக்கும் தமிழ் என்றால் கோயிலில் பாடும் பாட்டு, அம்மா, அண்ணா, அக்கா; அவ்வளவுதான். வீட்டில் பேசுவது அந்தத் தீவின் மொழியான கிரெயோல். அவர்கள் சொன்னதை நான் இங்கே தமிழில் தருகிறேன். சாப்பாடு அவர்களோடுதான். தட்டு, தம்ளர், பாத்ரூம், தொலைக்காட்சி எல்லாம் பொது.

அந்த ஆண்டு தைப்பூசத்துக்குக் கோயில் குழு என்னையும் காவடி எடுக்கச் சொன்னது. தமிழ் வாத்தியார் ஒருமுறைகூட எடுக்கவில்லையே என்று ஒரு பேச்சு இருந்தது. பத்து நாள் விரதம் இருந்தேன். காலையில் ஆற்றங்கரையில் எல்லாரும் கூடினோம். வேல் ஏற்றுகிறவர் சிறிய வெள்ளி வேல்களை ஒரு தட்டில் வரிசையாக வைத்திருந்தார். முதுகில் முதல் வேல் இறங்கியபோது பல்லைக் கடித்தேன். மார்பில் இறங்கியபோது கண்ணில் நீர் வந்தது. பிறகு இடது முன்கை. முழங்கைக்குச் சற்றுக் கீழே வெளிப்பக்கத்தில், உள்ளங்கையில் பாதி அளவுக்கு வெளிறிய தேமல் ஒன்று இரண்டு ஆண்டுகளாக இருந்தது. அரிப்பு இல்லை, வலி இல்லை. அதன் நடுவில் வேலை ஏற்ற அவர் குனிந்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். அவர் தட்டிலிருந்து அடுத்த வேலை எடுத்தார். கையைப் பார்த்தேன். முந்தைய வேல் ஏற்கெனவே தோலுக்குள் நின்றுகொண்டிருந்தது.

பால் செம்பை வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்ற தேவி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வலிக்கலையா மிஸ்யே?” ஆசிரியரை அங்கே அப்படித்தான் அழைப்பார்கள்.

“இல்லை.”

“கொஞ்சம்கூட?”

“குத்தினதே தெரியல.”

“அயோ முருகா! வசந்தி, இங்க வா! மிஸ்யேவுக்குக் குத்தினதே தெரியலையாம்!”

நான்கைந்து பேர் வந்தார்கள். ரத்தம் ஒரு பொட்டும் வரவில்லை என்று ஒருவர் மற்றவருக்குக் காட்டினார். ஒரு பெண் தன் கைக்குழந்தையின் உள்ளங்கையை எடுத்து அந்த இடத்தில் வைத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அருள் என்ற சொல்லை நான் சொல்லவில்லை. அவர்கள் சொன்னார்கள்.

எனக்கு அந்த நிமிடமே தெரியும். தமிழ்நாட்டில் பள்ளிச் சுவர், பஸ் நிலையச் சுவர் என்று எங்கும் அரசு எழுதி வைத்திருந்த எச்சரிக்கை அது: உணர்ச்சி இல்லாத தேமலைக் கண்டால் மருத்துவரிடம் காட்டு, தொழுநோயாக இருக்கலாம். அதே வாசகம் விளம்பரமாக எங்கள் நாளிதழுக்கு வரும். அதன் மெய்ப்பை நானே பலமுறை படித்துத் திருத்தியிருக்கிறேன். அறியாமை என்று ஒதுங்க எனக்கு இடமில்லை. தெரிந்தே விட்ட பிழை அது.

காவடியோடு நான் நிற்கும் படத்தை வசந்தி எடுத்திருந்தாள். தேவி அதைச் சட்டம் போட்டு, பூஜை அலமாரியில் முருகன் படத்துக்குக் கீழே வைத்தார். தினமும் அதற்கும் சேர்த்துத்தான் சூடம் காட்டினார்கள். நான் அந்த அலமாரியைக் கடந்துதான் சாப்பிடப் போக வேண்டும்.

மருத்துவரிடம் போகவில்லை. என் வேலை அனுமதி ஒப்பந்தத்தோடு கட்டுண்டது. நோயின் பெயர் பள்ளிக்குத் தெரிந்தால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவார்கள் என்று நினைத்தேன். யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் இல்லை. முழுக்கைச் சட்டை மட்டும் அணிய ஆரம்பித்தேன்.

செப்டம்பரில் தேமல் சிவந்து தடித்தது. முழங்கையின் உட்புறம் விண்ணென்று தெறித்தது. ஒருநாள் வகுப்பில் பாடம் வாசித்துக்கொண்டிருந்தபோது இடது கையிலிருந்த புத்தகம் விழுந்தது. எடுத்தேன், மறுபடி விழுந்தது. சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்கியிருந்தன. நீட்டச் சொன்னால் கேட்கவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கே அரசு மருத்துவமனையின் தோல் பிரிவு பெஞ்சில் இருந்தேன். கையில் எண் எழுதிய அட்டை. எனக்கு இரு பக்கமும் படை, சொறி, ஆலைச் சாயம் பட்ட கொப்புளம் என்று வந்தவர்கள். எல்லாரும் ஒருவர் கையை ஒருவருக்குக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் சட்டைக் கையின் பொத்தானைப் போட்டபடி இருந்தேன்.

டாக்டர் யாசின் போர்ட் லூயிஸ்காரர். மருத்துவம் படித்தது சென்னையில். அவருடைய தமிழ் விடுதி மெஸ்ஸிலும் டீக்கடையிலும் கற்றது. என் அட்டையில் ஊர்ப் பெயரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

“இன்னா சார், மதுரையா? நான் மெட்ராஸ்ல ஏழு வருசம் குப்பை கொட்டினேன். சட்டையக் கழட்டுங்க.”

கண்ணை மூடச் சொன்னார். பஞ்சுத் திரியால் தொட்ட இடத்தை விரலால் காட்ட வேண்டும். பிறகு குண்டூசி. பிறகு ஒன்றில் வெந்நீரும் ஒன்றில் தண்ணீரும் ஊற்றிய இரண்டு கண்ணாடிக் குழாய்கள். எது சூடு என்று கேட்டார். தேமலுக்கு வெளியே சரியாகச் சொன்னேன். தேமலுக்குள் இரண்டும் ஒன்றுதான். முழங்கை எலும்பின் பின்னால் விரல் வைத்து நரம்பை உருட்டினார். கயிறு மாதிரி தடித்திருந்தது. வலியில் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டேன்.

“குஷ்டம் சார்,” என்றார், ஜலதோஷம் என்று சொல்கிற குரலில். “பேரக் கேட்டு பேஜாராவாதீங்க. மாத்திரை இருக்கு, சரியாப் பூடும். இப்ப அவசரம் கிருமி இல்ல, நரம்பு. இன்னிக்கே படுக்கணும்.”

காதுமடலில் சிறு கீறல் போட்டு, ஊறியதைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்தார்கள். தேமலின் ஓரத்தில் பயறளவு தோலை வெட்டி எடுத்தார்கள். மரத்த இடம்தானே என்று நினைத்தேன். ஓரத்தில் உணர்வு இருந்தது. தோலின் ஒரு பாதி வெளிநாட்டில் ஓர் ஆய்வகத்துக்குப் போகும் என்றார் டாக்டர். எதற்கு என்று கேட்டேன். பழைய தொழில் பழக்கம்.

“மெட்ராஸ் பஸ்ஸு தெரியுமில்ல? ஸ்டாப்ல நிக்காது, ஓடிக்கினே இருக்கும். எவன் ஏறுவான்? கம்பி கைக்கு மாட்டினவன் ஏறுவான். இங்க உல்டா. வெள்ளை அணுதான் ரத்தத்துல ஓடுது. தோல்ல கிருமி இருந்தா ரத்தக்குழாச் சுவரு கம்பிய நீட்டும். அணு அதப் புடிச்சிக்கினு நின்னு, சுவத்துல நுழைஞ்சி உள்ளாற போவும். கம்பி இல்லன்னா பாட்டுக்கு ஓடிப் பூடும்.”

அந்தக் கம்பிகளுக்கு ஒட்டு மூலக்கூறுகள் என்று பெயர். உயிரணுக்களின் மேற்பரப்பில் நிற்பவை. ஓர் அணு இன்னொன்றைப் பற்றிக்கொள்ள உதவுபவை. ரத்தக்குழாயின் உட்சுவர் மட்டுமல்ல, மேல்தோலின் அணுக்களும் ஆபத்து என்று தெரிந்தால் இவற்றை வெளியே நீட்டுகின்றன. தொழுநோயில் ஒரு வகை நோயாளியின் தோல் நிறைய நீட்டுகிறது. அணுக்கள் கூடிக் கிருமியை வளைத்துக்கொள்கின்றன. தேமல் ஒன்றிரண்டோடு நிற்கிறது. இன்னொரு வகையில் தோல் ஏறக்குறைய சும்மா இருக்கிறது. கிருமி உடலெங்கும் பெருகுகிறது. நான் இரண்டுக்கும் நடுவில். இத்தனை நாள் பாதித் தூக்கத்தில் இருந்த என் உடல் திடீரென்று விழித்து, எல்லாக் கம்பிகளையும் ஒரே நேரத்தில் நீட்டிவிட்டது. கிருமி குடியிருப்பது நரம்பில் என்பதால் கூட்டமும் அங்கே போகிறது.

“நரம்பு ஒரு சந்து சார். அத்தினி பேரும் உள்ள பூந்தா சந்து நசுங்கும். அந்தக் கூட்டத்தக் கலைக்கத்தான் ஸ்டீராய்டு. அந்தக் கம்பிய சாயம் போட்டுப் பாக்கறாங்க அந்த லேப்ல.”

பிறகு ஒரு படிவத்தை எடுத்தார். “வீட்ல யார் யாரு? கூட இருக்கிறவங்க எல்லாரையும் ஒருதபா பாக்கணும்.”

“யாரும் இல்லை டாக்டர். தனியாத்தான் இருக்கேன்,” என்றேன். முகவரியாகப் பள்ளியின் பெயரைக் கொடுத்தேன். அவர் எழுதிக்கொண்டார்.

வார்டின் கடைசி அறை எனக்கு. சன்னலுக்கு வெளியே துணி உலர்த்தும் கொடி. காலையில் வெண்ணெய் தடவிய ரொட்டி, பால் தேநீர். அதோடு மாத்திரைகள். ஒன்று சிறுநீரைச் சிவப்பாக்கும், ஒன்று தோலைக் கறுப்பாக்கும், ஸ்டீராய்டு முகத்தை உருண்டையாக்கும். இத்தனைக்கும் அரசு ஒரு காசு கேட்கவில்லை. கையை மரச்சட்டத்தில் கட்டி வைத்திருந்தார்கள்.

தேவியிடம் நரம்புத் தளர்ச்சி என்று சொல்லி அனுப்பியிருந்தேன். பார்வையாளர் நேரம் மூன்று மணி. ஒருநாளும் தவறாமல் வந்தார், இரண்டு பஸ் மாறி, தூக்குச் சட்டியில் சோறும் கறியும் எடுத்துக்கொண்டு.

“என்ன மிஸ்யே, கன்னம் உப்பிக்கிட்டே வருது! என் சமையல்ல ஆறு வருஷம் ஒட்டாத சதை, ஆஸ்பத்திரி ரொட்டியில ஒட்டுதா?” இன்னொரு நாள்: “கறுத்துட்டீங்க. ஹோட்டல் கடற்கரையில எண்ணெய் தேச்சுக்கிட்டுப் படுத்துக் கிடக்கிற டூரிஸ்ட்டு தோத்தான்.”

கை கட்டியிருந்ததால் மீனில் முள் எடுக்க என்னால் முடியாது. அவரே எடுத்துப் பிசைந்து கொடுத்தார். ஒருநாள் என் நகங்களை வெட்டிவிட்டார். மடங்கிய விரல்களை ஒவ்வொன்றாக நீவி நிமிர்த்தி வெட்டினார். என்ன நோய் என்று அவர் கேட்கவே இல்லை. நான் சொன்னதை நம்பியிருந்தார். நான் மற்றக் கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை வசந்தியும் வந்தாள். வலது ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் துணிக்கட்டு. அவள் ஆலையில் செய்வது ஸ்வெட்டரின் கழுத்தை உடலோடு இணைக்கும் வேலை. வட்டமான ஒரு தட்டின் விளிம்பில் நூற்றுக்கணக்கான ஊசிமுனைகள் இருக்கும். பின்னலின் ஒவ்வொரு கண்ணியையும் விரல்நுனியால் தடவிக் கண்டுபிடித்து, ஒவ்வொரு முனையில் மாட்ட வேண்டும். ஒரு கண்ணி தவறினால் ஸ்வெட்டர் பிரிந்துவிடும். கண்ணைவிட விரல்நுனியை நம்பிச் செய்கிற வேலை.

“கையில என்ன?” என்றேன்.

அவள் சிரித்தாள். பதில் சொன்னது தேவி. குரலைத் தாழ்த்தி, ஆனால் பெருமையோடு.

“சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். உங்களுக்குக் கிடைச்சது இவளுக்கும் கிடைச்சிருக்கு. ஊசி ஏறுது, இவளுக்குத் தெரியவே இல்லை. வெள்ளை ஸ்வெட்டர்ல ரத்தம் பட்டு சூப்பர்வைசர் கத்தினப்பதான் பாக்கிறா! வர்ற தைப்பூசத்துக்கு இவளும் காவடி எடுக்கிறதா நேர்ந்திருக்கேன்.”

“சூப்பர்வைசருக்கு அருள் பத்தி என்ன தெரியும்?” என்றாள் வசந்தி. “சீனாக்காரி. ‘உனக்குக் கையில ரத்தமா, சாயமா’ன்னு கேக்கறா. இதே மாதிரி இன்னும் ரெண்டு ஸ்வெட்டர் கெடுத்தா வெளிய போன்னுட்டா.”

அவள் கையை நீட்டினாள். மணிக்கட்டுக்கு மேலே, புறங்கையில், வெளிறிய வட்டம். அதில் ரோமம் இல்லை. சுற்றிலும் வியர்வை மினுங்கியது, வட்டத்துக்குள் தோல் காய்ந்திருந்தது. நான் மெய்ப்புப் பார்த்துப் பழகியவன். ஒரு பார்வையில் எல்லாம் பார்த்துவிட்டேன்.

அப்போது நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “பார்த்து வேலை செய், வசந்தி.”

அவர்கள் போனார்கள். திங்கட்கிழமை டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போனார், நான் சொல்லவில்லை. செவ்வாயும் சொல்லவில்லை. அந்த இரண்டு நாளும் அவள் ஆலையில் அந்தத் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தாள் என்பது எனக்குத் தெரியும். எத்தனை மணிக்கு ஷிப்ட் தொடங்கும், எப்போது ஆலை வண்டி அவளைத் திரும்ப இறக்கிவிடும் என்பதுகூடத் தெரியும்.

புதன்கிழமை சொன்னேன். வீடு, தேவி, வசந்தி, காவடி, புறங்கை வட்டம், படிவத்தில் சொன்ன பொய். டாக்டர் யாசின் பேனாவை மூடினார்.

“படிச்சவரு சார் நீங்க. பேப்பர்ல வேற இருந்தவரு,” என்றார். “அந்தப் பொண்ணுக்கு எத்தினி மாசமா விரல் மரத்திருக்கு? ஆறு மாசத்துக்குள்ளன்னா திரும்ப வாய்ப்பிருக்கு. தாண்டிச்சின்னா இல்ல. நீங்க மறைச்சது எட்டு மாசம்.”

“என்னிடமிருந்துதான் வந்ததா?”

“யாருக்குத் தெரியும்? இந்தக் கிருமி வருசக்கணக்கா தூங்கும். உங்ககிட்டேர்ந்து இருக்கலாம், வேற எங்கயோ இருந்தும் இருக்கலாம். அதக் கண்டுபுடிச்சி இன்னா செய்யப் போறீங்க? இப்ப ரெண்டு வழி. நான் சுகாதார ஆபீசர அனுப்பலாம். ஜீப்பு தெருவுல நிக்கும், டிராங்கெபாரே எட்டிப் பாக்கும். இல்ல, நீங்க சொல்லணும். இன்னிக்கு மூணு மணிக்கு.”

மூன்று மணிக்குத் தேவி வந்தார். தூக்குச் சட்டியைத் திறக்குமுன் சொன்னேன். நோயின் பெயரைக் கிரெயோலில் சொன்னேன்: லாலெப். மாத்திரை தொடங்கிவிட்டதால் இனி என்னிடமிருந்து பரவாது என்றேன். வசந்தியின் கையைப் பற்றிச் சொன்னேன். அன்று ஆற்றங்கரையில் வலிக்காததற்கு இதுதான் காரணம் என்றேன்.

அவர் சட்டியின் மூடி மேல் கையை வைத்தபடி இருந்தார்.

“எப்ப தெரியும்?”

“அன்னிக்கே.”

“வேல் குத்தினப்பவே?”

“ஆமா.”

ஆறாண்டுகளாக என்னை மரியாதையாகவே அழைத்தவர் அன்று நீ என்றார்.

“எட்டு மாசம் என் வீட்டுல சாப்பிட்டே. நான் உன் படத்துக்குச் சூடம் காட்டினேன், நீ தாண்டித் தாண்டிப் போய் உக்காந்து சாப்பிட்டே. நோய் வந்ததுக்கு நான் ஒண்ணும் சொல்லலை. யாருக்கும் வரும். என் மக கையில ரத்தம் வடிய வடிய நான் சாமிக்கு நன்றி சொன்னேனே. அதுக்கு என்ன சொல்லப் போறே?”

சொல்ல ஏதாவது இருந்திருந்தால் இங்கே எழுதியிருப்பேன்.

அவர் எழுந்து போய்விட்டார். சட்டியை விட்டுச் சென்றிருந்தார். உள்ளே முள் எடுத்த மீன் இருந்தது.

மறுநாள் காலை வசந்தி ஆலைச் சீருடையிலேயே வந்தாள், தாயோடு. அவளுக்கும் பஞ்சு, குண்டூசி, குழாய்கள். அதே மாத்திரைகள், அதே ஸ்டீராய்டு. மரத்துப்போக ஆரம்பித்து நான்கு மாதம் இருக்கும் என்று அவள் சொன்னாளாம். தேவிக்குத் தேமல் எதுவும் இல்லை. என் அறைப் பக்கம் இருவரும் வரவில்லை. இரண்டு வாரத்தில் நான் வீடு திரும்பியபோது என் பெட்டிகள் அறை வாசலில் ஒழுங்காக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. துணிகள் துவைத்து மடித்திருந்தன. லாங் மவுண்டன் என்ற ஊரில் வேறு அறை பார்த்துக்கொண்டேன். பள்ளியில் நானே போய்ச் சொன்னேன். தலைமை ஆசிரியர் டாக்டரின் கடிதத்தைப் படித்து, கோப்பில் வைத்து, திங்கட்கிழமையிலிருந்து வாருங்கள் என்றார். எட்டு மாதம் நான் பயந்தது இதற்குத்தான்.

தைப்பூசம் வந்து போனது. கோயிலுக்குப் போனேன், காவடி எடுக்கவில்லை. ஏன் என்று கேட்ட குழுவினரிடம் காரணத்தைச் சொன்னேன். அன்று குழந்தையின் கையை என் கைமேல் வைத்த பெண்ணைத் தேடிக் கண்டுபிடித்து அவளிடமும் சொல்லி, குழந்தையை டாக்டரிடம் காட்டச் சொன்னேன். அவள் குழந்தையை மறுபக்க இடுப்புக்கு மாற்றிக்கொண்டு நகர்ந்தாள். ஆனால் டாக்டரிடம் போனாள். குழந்தைக்கு ஒன்றுமில்லை.

மார்ச் மாதப் பரிசோதனையில் எங்கள் மூவருக்கும் ஒரே நாள் விழுந்தது. பெஞ்சின் ஒரு முனையில் நான், மறு முனையில் தேவியும் வசந்தியும். வசந்தியின் முகமும் உருண்டையாகிக் கறுத்திருந்தது. ஆலையில் அவளைப் பொதி கட்டும் பிரிவுக்கு மாற்றியிருந்தார்கள்.

எங்களை ஒன்றாகவே உள்ளே அழைத்தார் டாக்டர். ஆய்வகத்திலிருந்து என் தோலின் படம் வந்திருந்தது. வெளிறிய நீலத்தில் பழுப்பு நிறக் கோடுகள், வளையங்கள். ஒட்டு மூலக்கூறு இருக்கும் இடமெல்லாம் பழுப்பு. மேல்தோல் முழுதும் பழுப்பு.

“பாருங்க, அத்தினியும் கம்பி. உங்க தோலு அது வேலைய ஒழுங்கா செஞ்சிருக்கு சார். ஆபத்துன்னு தெரிஞ்சவொடனே சொல்லியிருக்கு,” என்றார்.

என் சுண்டுவிரல் முக்கால்வாசி நிமிர்ந்திருந்தது. பிறகு வசந்தியின் முறை. கண்ணை மூடி, கையை மேசைமேல் விரித்து வைத்தாள். தேவி அவளுக்குப் பின்னால் நின்றார். டாக்டர் குண்டூசியை ஆள்காட்டி விரல்நுனியில் வைத்தார்.

“அயோ!” என்று கையை இழுத்துக்கொண்டாள் வசந்தி. கண்ணை மூடியபடியே சிரித்தாள். “டாக்டர், கொலை பண்றீங்களா?”

தேவி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். டாக்டரும் சிரித்தார். அவள் மறுபடி கையை வைத்தாள். இப்போது நடுவிரல். டாக்டர் ஊசியை வைத்து எடுத்தார். சற்றுத் தள்ளி, கொஞ்சம் அழுத்தி, மறுபடி வைத்து எடுத்தார். ஒரு பொட்டு ரத்தம் வந்தது.

வசந்தி கண்ணை மூடிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

“குத்துங்க டாக்டர், நான் ரெடி,” என்றாள்.

டாக்டர் ஊசியைக் கீழே வைத்தார். தேவி மகளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

“ரெண்டு தடவை குத்தியாச்சு, வசந்தி,” என்றேன்.